அண்ணன் படித்துச் சொன்ன ஆறு எண்கள்

கோவில்பட்டியில் நடக்கும் கல்லூரி ஹாக்கி ஆட்டத்தைத் துபாய் கராமாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால், நான் முதலில் என் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்து ஆறு எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தி அப்போது ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

ஆட்டங்களைக் காட்டும் செயலி இந்தியக் கைப்பேசி எண்ணைக் கேட்கும். கொடுத்தால் அந்த எண்ணுக்கு ஆறு இலக்க ஓடிபி அனுப்பும். மூன்று நிமிடத்துக்குள் தட்டவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. ஊர் நேரம் நான்கு மணிக்குத் தொடங்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இதே சடங்கு. என்னிடம் இந்திய எண் உண்டு, சிம் இல்லை. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடுமுறையில் போனபோது வாங்கிய சிம்மை, வங்கிக்கும் வருமான வரிக்கும் வேண்டியிருக்கும் என்று ஊரில் யாராவது ஒருவரிடம் ஒரு பழைய பட்டன் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். அந்த யாராவது, மிச்ச வாழ்நாளுக்கு நமக்கு எண் படித்துச் சொல்லும் உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொள்வார். எனக்கு அதைச் செய்துவந்தவர் மதினி. அலமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டு, நான் கூப்பிட்டால் படித்துச் சொல்லுவார். அண்ணன் அதே அறையில்தான் இருப்பார். செய்தித்தாள் மடக்கும் சத்தம் எனக்குக் கேட்கும்.

நான் கத்தாரில், ராஸ் லஃபானில், ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். விசா, மருத்துவப் பரிசோதனை, குடியிருப்பு அட்டை, நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி, ஒருவர் இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்கள் என்று எது எந்த மேசைக்கு, எத்தனை நகலோடு, யார் கையெழுத்தோடு போக வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஓய்வு பெற்றபின் கராமாவில் மகள் வீட்டில், மகளுடைய ஸ்பான்சர்ஷிப்பில் இருக்கிறேன். எத்தனையோ பேரை ஒரு நாட்டுக்குள் கொண்டுவந்தவன், வருடத்துக்கு ஒருமுறை மகள் மனமிரங்கிப் புதுப்பித்தால்தான் இன்னொரு நாட்டில் இருக்கலாம். அவள் அந்தப் படிவத்தை நிரப்பும்போது பின்னால் நின்று பிழை திருத்துவேன். அவளுக்குப் பிடிக்காது.

ஹாக்கி நான் ஆடியதில்லை. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அண்ணனுக்கு அங்கே கடைசி வருடம். அணியின் ஃபுல் பேக், கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பு. என்னை மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டு உட்காரவைத்து, யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார், யாருக்கு அட்டை காட்டினார்கள் என்று எழுதவைத்தார்கள். அந்த ஒரு வருடத்தில் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் தெளியவில்லை. அண்ணனுக்கு அது பைத்தியம்கூட இல்லை, சுவாசம். நூற்பாலையில் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டாவது கல்லூரி ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் போவார். கோல் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பார்ப்பார். உட்கார்ந்து பார்ப்பவர்களை அவர் மதித்ததில்லை.

எங்களுக்குள் பேச்சு நின்றது அப்பா இறந்தபோது. அந்தக் காலத்தில் கத்தாரை விட்டு வெளியேற நிறுவனம் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அப்பா இறந்தது வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளியும் சனியும் அலுவலகம் கிடையாது. கையெழுத்துப் போடும் மேலாளரின் வீட்டுக்கே போய், அழைப்பு மணி அடித்து, சீட்டு வாங்கி எத்தனையோ தொழிலாளிகளை விமானம் ஏற்றியிருக்கிறேன். எனக்கென்று போய் மணி அடிக்கக் கூச்சமாக இருந்தது. நிர்வாகத்தில் இருப்பவனே விதியை வளைத்தான் என்று பெயர் வரக் கூடாது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை முறைப்படி விண்ணப்பித்து, முறைப்படி கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை ஊர் போய்ச் சேர்ந்தேன். சாம்பல் கரைத்தாகியிருந்தது. அண்ணன் மொட்டைத் தலையோடு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வா. பேப்பர்லாம் கரெக்டா இருக்கா?” என்றார்.

“இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டேன். கேள்வி என்று நினைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் என்னிடம் நேராக ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் உயிரோடு இருப்பது மதினி மூலமாகத்தான் ஒருவருக்கொருவர் தெரிந்தது.

கல்லூரி ஆட்டங்களை முதலில் ஊர்க் கேபிளில்தான் காட்டினார்கள். ஒரே ஒரு கேமரா. அதுவும் பந்து இல்லாத பக்கத்தை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருக்கும். அதையே பின்னர் யூடியூபிலும் போட்டார்கள். நான் அங்கே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு செயலி ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக வாங்கியது. கேமரா நான்கானது, வர்ணனையாளர் வந்தார், கேபிளிலும் யூடியூபிலும் நின்றது. அதே வருடம் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கரோடு வீட்டுக்குள் அடங்கினார். தொடுதிரைப் போனை அவர் தொட மாட்டார். மகன் ஓசூரிலிருந்து வாங்கி வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் நடக்கும் ஆட்டம் அவருக்கு இல்லை, கடல் தாண்டி இருக்கும் எனக்கு உண்டு. ஒளிபரப்பு உரிமை என்பது உலகத்தை இப்படித்தான் பிரிக்கும்.

அந்தப் பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தன்று மதினி சொன்னார். “கண்ணுல ஆபரேசன் பண்ணி மருந்து விட்டிருக்கு தம்பி, எழுத்தே தெரியல. இருங்க, உங்க அண்ணன்கிட்ட குடுக்கேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

“நாலு. ஒண்ணு. ஒம்போது. ஒம்போது. சைபர். ஏழு.”

வைத்துவிட்டார். நான் தட்டினேன். ஆட்டம் திறந்தது. நாங்கள் தோற்றோம்.

அடுத்த வாரம் மதினிக்குக் கண் சரியாகியிருந்தது எனக்குத் தெரியும். போனை எடுத்தது அண்ணன்.

“யாரு கூட?”

“பாளையங்கோட்டைக்காரங்க கூடண்ணே.”

“ம். எழுதிக்கோ.”

அதற்கடுத்த முறை பாதியில் நிறுத்தினார்.

“ஆறு. ரெண்டு. ரெண்டு… அந்த நெட்டப் பய இன்னைக்கு எறங்குதானா?”

“யாருண்ணே?”

“சென்டர் ஹாஃபுல. போன வருசம் பாத்தேன். குனியவே மாட்டான். இடுப்பு ஒடஞ்சது எனக்கா அவனுக்கான்னு தெரியல.”

“எறங்குதாண்ணே. மிச்ச நம்பரு…”

“பறக்காத. குனியுதானான்னு பாத்துச் சொல்லணும், என்னா? எட்டு. எட்டு. அஞ்சு.”

ஆகவே குனிகிறானா என்று சொல்ல நான் மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. அப்படியே பழகிவிட்டது. எண் வாங்கியபின் போனை வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டு மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். நான் பார்த்துச் சொல்லுவேன், அவர் திட்டுவார். ஆட்டம் இப்போது நான்கு பகுதி என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். “ஹாக்கில அரைதாம்ல, காலுங்கிடையாது முக்காலுங்கிடையாது.” பந்து எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் “பின்னால எவன் நிக்கான்?” என்பார். “யாருமில்லண்ணே” என்றால் “அப்ப கோலு” என்பார். பெரும்பாலும் கோல்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செயலியில் படம் முக்கால் நிமிடம் தாமதமாகத்தான் வரும். எங்கள் பையன்கள் கோல் போட்டால் மைதானத்தில் வெடி போடுவார்கள். அந்தச் சத்தம் அண்ணன் வீட்டு ஜன்னலுக்குச் சில நொடியில் வந்துவிடும்.

“வெடி கேட்டுச்சு. எவன்ல போட்டான்?”

“இன்னும் போடலண்ணே. பந்து நடுவுலதான் கெடக்கு.”

“போட்டாச்சுங்கேன். பொறுத்துப் பாரு.”

பொறுத்துப் பார்ப்பேன். யாரோ ஒருவன் வலப்பக்கமிருந்து உள்ளே வெட்டி வருவான். கோல் உண்டு என்பது அவருக்குத் தெரியும், யார் என்பது எனக்குத் தெரியும். ஒரு கோலைப் பார்த்து முடிக்க எங்களுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அப்பாவைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் இப்படியே இன்னும் ஓரிரு பருவம் போனால் ஏதாவது ஒரு தோல்விக்குப் பிறகோ வெற்றிக்குப் பிறகோ அந்தப் பேச்சும் தானாக வரும் என்று நம்பினேன். அதற்காகத்தான் ஆட்டம் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். அதைக் கெடுத்தது நான்தான். அதுவும் வெகு நேர்த்தியாக.

இரண்டாவது பருவம், அரையிறுதி. அண்ணன் கண்ணாடியைத் தேடாமல் படித்து, எட்டை மூன்று என்று சொல்லிவிட்டார். மறுபடி அனுப்பச் சொன்னேன், மறுபடி தப்பு. மூன்றாவது தப்பில் செயலி என்னை ஒரு மணி நேரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. திரும்ப உள்ளே போனபோது ஆட்டம் முடியப் பத்து நிமிடம். நான்குக்கு மூன்று என்று ஜெயித்தோம், நாங்கள் போட்ட நான்கில் மூன்றை நான் பார்க்கவில்லை.

“மூணு வெடி கேட்டேம்ல, நான் பாத்துட்டேன்” என்று அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு வேலை ஒரே ஆளுடைய மூக்குக்கண்ணாடியை நம்பி நடப்பது நிர்வாகக் குறைபாடு. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

எங்கள் கட்டடத்துக்குக் கீழே மொபைல் கடை வைத்திருப்பவர் காயல்பட்டினத்துக்காரர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“ஒரு மேட்ச் பாக்க ஊருக்குப் போன் போட்டு நம்பர் கேக்குறியளா? எங்க தம்பி ஐடி தாறேன் சார், அதுல பாத்துக்கிடுங்க.”

“அதெப்படி பாய்? ஒரு கணக்கை ஒருத்தர்தான் பயன்படுத்தணும்னு நிபந்தனையிலேயே இருக்கு.”

“நிபந்தனையப் படிச்ச மொத ஆளு நீங்கதான்” என்று கடையில் நின்ற வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். “சிம்மு ஒங்க பேர்லதான ஈக்கிது? இ-சிம்மா மாத்திக்கிடுங்க. அந்தப் பழைய போன்லேர்ந்து ஒரு மெசேஜ், ஒரு சம்மதம், அவ்ளோதான். நம்பரு இங்க வந்துரும், ஓடிபி நேரா ஒங்க கையில. கலாஸ், வேல முடிஞ்சிது!”

வீட்டுக்கு வந்து அதன் வழிமுறையை முழுதாகப் படித்து, பதினொரு படிகளாகப் பிரித்து எழுதிக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன். மதினியின் போனில் என்னோடு பேசிக்கொண்டே அவர் பட்டன் போனில் தட்ட வேண்டும். என் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

“சுழிச்ச ஏ எங்கல இருக்கு?”

“ஸ்டார அமுக்குங்க, வரிசையா வரும்.”

“புள்ளி வருது. கமா வருது. கேள்விக்குறி வருது. ஊரு ஒலகத்துல இல்லாத எழுத்தாப் பாத்து மெயிலு வச்சிருக்க.”

“விடாம அமுக்குங்கண்ணே.”

“ஏல, வந்துட்டு! வந்துட்டு!”

மதினியைக் கூப்பிட்டுக் காட்டினார். அறுபத்தொன்பது வயதில் ஒரு மனிதர் அப்படிக் குதூகலித்து நான் கேட்டதில்லை. செய்தி போயிற்று. சிறிது நேரத்தில் நிறுவனத்திலிருந்து பதிவு செய்த குரலில் அழைப்பு வந்தது.

“ஒரு பொம்பள சம்மதமாங்கா. என்ன செய்ய?”

“ஒண்ண அமுக்குங்க.”

“எதுக்குச் சம்மதம்?”

“சிம்ம அங்கேர்ந்து எடுத்து இங்க மாத்துறதுக்குண்ணே.”

பிறகு பட்டன் அமுங்கும் ஓசை கேட்டது.

“இதுல சிக்னல் கோடெல்லாம் போயிட்டு” என்றார்.

“அப்படித்தாண்ணே போகும். இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல.”

“ம். அப்ப சரி.”

மறு வாரம் இறுதியாட்டம். ஓடிபி என் கையிலேயே வந்து விழுந்தது. ஆறு நொடியில் உள்ளே போய்விட்டேன். எனக்கு என் மேலேயே மதிப்பு கூடியது. ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அறையின் அமைதி உறைத்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

“நம்பரு வேணுமா?” என்றார்.

“இல்லண்ணே, நம்பர் இங்கயே வந்துட்டு. ஆட்டம் சொல்லலாம்னு…”

“அதான் எல்லாம் அங்கயே வந்துட்டுல்லா. நீ பாரு, நீ பாரு” என்று மதினியிடம் கொடுத்துவிட்டார். மதினி என் மகள், பேத்தி எல்லோருடைய நலத்தையும் விசாரித்தார். அதற்குள் ஒரு கோல் விழுந்தது. யார் போட்டது என்று நான் கவனிக்கவில்லை.

எனக்கும் கோபம் வந்தது. அவரே கூப்பிடட்டும் என்று இருந்தேன். மதினியின் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது என்பதும், வாட்ஸாப்பில் பேசுவது இங்கே தடை என்பதும் எனக்குத் தெரியும். எல்லா விதியும் தெரிந்தவன், வசதியாக இந்த இரண்டை மட்டும் மறந்துவிட்டு இருந்தேன். மகள் ஒருநாள், “ஜஸ்ட் கால் ஹிம்ப்பா. ஓடிபி இல்லன்னா அண்ணன் கிடையாதா?” என்றாள். படிக்காத ஆள் மாதிரி பேசாதே என்றேன்.

அடுத்த பருவம் முழுவதும் தனியாகப் பார்த்தேன். படம் துல்லியமாக இருந்தது. நெட்டைப் பையன் குனியக் கற்றுக்கொண்டிருந்தான். கோல்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தன. போட்டுவிட்ட பிறகுதான் போட்டான் என்று தெரியும். தொலைக்காட்சியில் பார்க்கும் எல்லோருக்கும் அப்படித்தான், ஆனால் எனக்கு அது பழகவில்லை.

பருவம் முடிந்த மறு மாதம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அன்று மாலையே கிளம்பிவிட்டேன். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. காது கேட்கிறது, புரிகிறதா என்று போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். பார்வையும் ஒரு பக்கம் போய்விட்டதால் நகரும் எதையும் கண்ணால் தொடர முடியாது. பழைய ஆட்டம் ஒன்றை என் போனில் காட்டிப் பார்த்தேன். திரையின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டிலுக்குப் பக்கத்துப் பெட்டியின் மேல் அந்தப் பட்டன் போன் இருந்தது. சார்ஜர் சொருகியிருந்தது.

“மேட்ச் நாளானா சார்ஜ் போட்டுப் பக்கத்துல வச்சுக்கிடுவாக” என்றார் மதினி. “அதுலதான் சிம்மே இல்லையே, எடுத்து உள்ள போடவான்னேன். கெடக்கட்டும்னுட்டாக.”

“எதாவது கேட்டாரா மதினி? நான் ஏன் கூப்பிடலன்னு…”

“அதெல்லாம் கேக்க மாட்டாக. மணி எத்தனைன்னு கேப்பாக. நாலுன்னுவேன். கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடியும் கேப்பாக.”

பத்தாம் நாள் திரும்பிவிட்டேன். ஆறு மாதம் வரை வெளியே இருக்க என் விசா இடம் தருகிறது. ஏன் அவசரம் என்று யாராவது கேட்டால் என் இதய மருத்துவர், காப்பீடு, மாத்திரை என்று பட்டியல் வைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பேச்சு வரவில்லை. போனில்தான் எங்களுக்குப் பேச்சு வரும்.

இந்தப் பருவம் முழுவதும் ஆட்ட நாள்களில் கூப்பிட்டேன். மதினி ஸ்பீக்கரில் போட்டு அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் வைப்பார். நான் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை சொல்லுவேன். யார் எங்கே நிற்கிறான், பின்னால் யார் இருக்கிறான், எல்லாம். அரை நேரத்தில் மதினி, “முழிச்சுத்தான் இருக்காக” என்பார். சில நாள், “தூங்கிட்டாக போல” என்பார். தூங்கினாலும் சொல்லி முடிப்பேன். தோற்றால் தோற்றோம் என்றே சொன்னேன். ஒருநாள் மதினி, “தோத்தத எதுக்குத் தம்பி சொல்லிக்கிட்டு?” என்று வருத்தப்பட்டார். ஸ்கோரை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. அவருக்கும் அது பிடிக்காது.

போன வாரத்தோடு பருவம் முடிந்தது. செயலியைத் திறந்தால் அடுத்த நிகழ்ச்சி ஏதுமில்லை என்று வருகிறது. இன்று மத்தியானம் இரண்டரைக்கு, அங்கே நான்கு மணிக்கு, மடிக்கணினியைத் திறக்காமலே கூப்பிட்டேன்.

“இன்னைக்கு மேட்ச் இருக்கா தம்பி? லீவுன்னீங்களே” என்றார் மதினி.

“இல்ல மதினி. சும்மாதான். அண்ணன் காதுல வைங்க.”

வைத்தார். ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

“அண்ணே, நான்தான். மேட்ச் இல்ல. சும்மா கூப்பிட்டேன்” என்றேன்.

காரணமில்லாமல் நான் அவரைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இங்கே வெயில் ஜாஸ்தி என்றேன். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம் என்றேன். எதிர்க் கட்டடத்துப் பால்கனியில் ஒருவர் லுங்கி காயப்போடுகிறார், காற்றில் பறக்கிறது, கிளிப்பைத் தேடுகிறார் என்றேன். மதினி, “கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக, பேசுங்க” என்றார்.